டான்யூப் கப்பல் பாஸாவில் ஒரு நாள் நிற்கிறது: சால்ஸ்பர்க் போகலாமா, ஊரிலேயே இருக்கலாமா?

கேள்வி இதுதான். ஜூன் மாதம் அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு டான்யூப் ஆற்றில் கப்பல் பயணம். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டியிருக்கும் பாஸாவ் நகரில் கப்பல் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை நிற்கும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க், செக் நாட்டின் செஸ்கி க்ரும்லாவ் என்று இரண்டு ஊர்களுக்கு பஸ் டூர்களைக் கப்பல்காரர்களே ஏற்பாடு செய்கிறார்கள். "பாஸாவில் பார்க்க ஒன்றும் இல்லை" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி, சாப்பாடும் சைவம். என்ன செய்யலாம்?

பாஸாவிலேயே இருங்கள் என்பதுதான் என் பதில்.

சால்ஸ்பர்க் போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம், திரும்பி வரவும் அதே இரண்டு மணி நேரம். உங்கள் கையில் இருப்பது பத்து மணி நேரம். அதில் நாலு மணி பஸ்ஸிலேயே போய்விடும். மிச்ச நேரத்தில் ஒரு கூட்டத்தின் பின்னால் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு வர வேண்டும். முழங்கால் வலி உள்ளவரை அத்தனை நேரம் உட்காரவைத்து, பிறகு இறக்கி வேகமாக நடக்கவைப்பதைவிட, தன் வேகத்தில் மெதுவாக நடக்கவிடுவது எவ்வளவோ மேல். சால்ஸ்பர்க் மிக நல்ல ஊர், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு இரண்டு நாளாவது கொடுக்க வேண்டும். இன்னொன்று: ஜெர்மனி தன் ஆஸ்திரிய எல்லையில் 2015 முதல் சோதனை நடத்துகிறது. திரும்பி வரும்போது பஸ்ஸை நிறுத்தினால் தாமதம்தான்.

பாஸாவில் சுமார் ஐம்பதாயிரம் பேர்தான் வசிக்கிறார்கள். பழைய நகரம் டான்யூபுக்கும் இன் ஆற்றுக்கும் நடுவே நீண்டு ஒடுங்கும் ஒரு நிலத்துண்டு. ஒரு சந்தில் நின்றால் வலப்பக்கம் ஒரு ஆறு தெரியும், நாலு நிமிடம் நடந்தால் இடப்பக்கம் இன்னொரு ஆறு. இந்த ஊரில் எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் அது ஆற்றில்தான் போய் முடியும். கோவில், கோட்டை, சண்டை, செல்வம், வெள்ளம் எல்லாமே அப்படி. அதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால் ஒரு நாள் போதாது என்றுதான் தோன்றும்.

காலைச் சாப்பாட்டை முடித்ததும் நேராக நிலத்தின் கிழக்கு முனைக்குப் போங்கள். ட்ரைஃப்ளூஸ்ஸெஎக் என்பார்கள், அதாவது முக்கூடல். டூர் கூட்டங்கள் பத்து மணி வாக்கில் வந்துசேரும். அதற்கு முன்பு அங்கே நாயை நடக்கக் கூட்டிவருபவர்களும் ஓடுபவர்களும்தான் இருப்பார்கள். மேற்கிலிருந்து டான்யூப், தெற்கிலிருந்து இன், வடக்கிலிருந்து இல்ஸ் என்ற சின்ன ஆறு, மூன்றும் உங்கள் காலடியில் சேர்கின்றன. நிறம் ஒவ்வொன்றுக்கும் வேறு. இன் ஆறு சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் பிறந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி வருகிறது. பனிப்பாறைகள் அரைத்த கல்தூள் கலந்திருப்பதால் பால் விட்ட பச்சை. இல்ஸ் பவேரியக் காட்டின் சதுப்பு நிலங்களிலிருந்து வருவதால் ஏறக்குறைய கறுப்பு. டான்யூப் பழுப்பும் நீலமும் கலந்த ஒரு நிறம். சேர்ந்த உடனே மூன்றும் கலந்துவிடாது. கொஞ்ச தூரத்துக்குத் தனித்தனிப் பட்டைகளாகவே ஓடும்.

அங்கே நின்று உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும்: பச்சைத் தண்ணீர்தான் அடித்துத் தள்ளிக்கொண்டு வருகிறது. ஆண்டுச் சராசரியில் இன் கொண்டுவரும் தண்ணீர் டான்யூபைவிடக் கொஞ்சம் அதிகம். டான்யூப் ஆழமானது, இன் ஆழம் குறைந்தது, அதனால் இன்னின் தண்ணீர் மேலே ஏறி விரிகிறது. ஜூன் மாதம் ஆல்ப்ஸில் பனி உருகும் காலம் என்பதால் உங்களுக்கு இன் ஆற்றை நல்ல வேகத்தில் பார்க்கக் கிடைக்கும். இரண்டு மூன்று நாள் கனமழை பெய்திருந்தால் மட்டும் எல்லாமே காபி நிறமாகிவிடும், நிறப் பட்டைகளை எதிர்பார்க்க வேண்டாம்.

இல்ஸ் சின்னதாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஒருகாலத்தில் அதில் முத்துச்சிப்பிகள் இருந்தன. நன்னீரில் வளரும் சிப்பிகள். முத்தெடுக்கும் உரிமை இந்த ஊரை ஆண்ட ஆயர்களுக்கு, அதாவது கத்தோலிக்க பிஷப்புகளுக்கு மட்டுமே இருந்தது.

ஆம், ஆயர்கள்தான் ஆண்டார்கள். பாஸாவ் மறைமாவட்டம், அதாவது ஆயரின் பொறுப்பில் உள்ள திருச்சபைப் பகுதி, 739-இல் புனித போனிஃபேஸ் ஒழுங்குபடுத்தியது. பிறகு ஆயரே அரசருமானார். 1803-இல் அந்த ஆட்சி கலைக்கப்பட்டு ஊர் பவேரியாவோடு சேரும்வரை அதே நிலைதான். டான்யூபின் போக்கிலேயே அவர்களுடைய மறைமாவட்டமும் கிழக்கே நீண்டிருந்தது. வியன்னாவே 1469 வரை பாஸாவ் ஆயரின் கீழ்தான் இருந்தது. உங்கள் கப்பல் வியன்னா போகிறதென்றால், அங்கே எல்லாரும் படம் எடுக்கும் புனித ஸ்தேவான் பேராலயத்துக்கு அந்தப் பெயர் பாஸாவின் பேராலயத்திலிருந்து போனது என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

முனையிலிருந்து திரும்பும் வழியில் நீடர்ன்பர்க் என்ற பழைய கன்னிமடம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். உள்ளே ஹங்கேரியின் முதல் அரசி கிஸெலாவின் கல்லறை. பவேரியாவில் பிறந்து, ஹங்கேரியின் முதல் மன்னர் ஸ்தேவானை மணந்து, கணவர் இறந்தபின் இங்கே வந்து மடத்தின் தலைவியாக வாழ்ந்து மறைந்தவர். ஹங்கேரியர்கள் இன்றும் தேடி வந்து அங்கே தங்கள் கொடியின் சிவப்பு, வெள்ளை, பச்சை ரிப்பன்களைக் கட்டிவிட்டுப் போவார்கள். பத்து நிமிடம் போதும், ஆனால் தவறவிடாதீர்கள்.

இந்த மடத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பொஹீமியாவுக்கு, அதாவது இன்றைய செக் நாட்டுக்குப் போகும் வணிகப் பாதையின் சுங்க வருமானத்தை 1010-இல் மன்னர் இரண்டாம் ஹைன்ரிஷ் இந்த மடத்துக்குக் கொடுத்தார். அந்தப் பாதைக்குப் பின்னாளில் தங்கப் பாதை என்று பெயர் வந்தது. தங்கம் எதுவும் போகவில்லை, போனது உப்பு. சால்ஸ்பர்க் அருகே உள்ள ஹலைன், ரைஷன்ஹால் பக்கமிருந்து உப்பு படகில் ஏறி, ஸால்ஸாஹ் ஆற்றிலும் இன்னிலுமாக இறங்கி பாஸாவுக்கு வரும். இங்கே இறக்கியே ஆக வேண்டும் என்பது சட்டம். இறக்கிய உப்பைக் குதிரைகளின் முதுகில் ஏற்றி, காட்டு மலைகளைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். திரும்பும்போது தானியம் வரும். பொஹீமியாவில் உப்பு விளையாது, ஆகவே போட்டியே இல்லாத வியாபாரம். நீங்கள் பார்க்கப்போகும் அரண்மனைகளுக்கும் பலிபீடங்களுக்கும் பின்னால் அந்த உப்புக் காசு நிறையவே இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆஸ்திரியாவையும் பொஹீமியாவையும் ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசு தன் சொந்த உப்பை விற்பதற்காக வெளியுப்பைத் தடுத்தது, தங்கப் பாதையும் அதோடு ஓய்ந்தது. இன் கரையில் ஷைப்லிங்ஸ்டுர்ம் என்று ஒரு வெள்ளை நிற வட்டக் கோபுரம் நிற்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். உப்புப் படகுகள் வந்து நின்ற கரை அதுதான்.

அடுத்து டான்யூப் பக்கம் நகரமன்றச் சதுக்கத்துக்கு வாருங்கள். நகரமன்றக் கோபுரத்தின் அடிச்சுவரில் கோடுகளும் ஆண்டுகளும் எழுதியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வெள்ளம் ஏறி நின்ற உயரம். அப்பாவை அந்தச் சுவரை ஒட்டி நிற்கவைத்துப் பாருங்கள், பல கோடுகள் அவர் தலைக்கு மேலே இருக்கும். 1954-இல் ஆற்றின் அளவுகோல் 12.20 மீட்டர் காட்டியது. 2013 ஜூன் 3 அன்று 12.89 மீட்டர். வழக்கமாக ஐந்து மீட்டருக்கும் குறைவாக ஓடுகிற ஆறு இது. 2013 அளவுக்குத் தண்ணீர் வந்த இன்னொரு வெள்ளத்தைத் தேட 1501-க்குப் போக வேண்டும். மூன்று ஆறுகளும் ஒரே நேரத்தில் பெருகினால் தண்ணீர் போக இடமே இல்லை, ஊருக்குள்தான் வரும். அந்த ஆண்டு குடிநீர் விநியோகமே நின்றுபோனது. வெள்ளம் வடிந்ததும் பல்கலைக்கழக மாணவர்கள் ஆயிரக்கணக்கில் மண்வெட்டியோடு இறங்கி, முன்பின் தெரியாதவர்களின் வீடுகளிலிருந்து சேற்றை அள்ளிக் கொட்டினார்கள். 2024 ஜூனில்கூட இந்தச் சதுக்கம் மூழ்கியது. இந்தச் சுவரை ஒரு நிமிடத்தில் கடந்துபோகிற டூர் கூட்டங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கரையோரச் சந்துகளில் நடக்கும்போது தரைத்தளங்களைக் கவனியுங்கள். பல வீடுகளில் கீழே யாரும் குடியிருக்க மாட்டார்கள், கடையோ கிடங்கோ மட்டும் இருக்கும். காரணம் இதுதான்.

சதுக்கத்திலேயே கண்ணாடி அருங்காட்சியகம் இருக்கிறது. பொஹீமியக் கண்ணாடிப் பொருட்களின் மிகப் பெரிய தொகுப்பு. 1985-இல் அதைத் திறந்துவைத்தவர் நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங். மழை பெய்தால் போங்கள், வெயில் நாளென்றால் வெளியில் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

இப்போது மணி பதினொன்றை நெருங்கியிருக்கும். மேட்டில் ஏறினால் பேராலயம். மே முதல் அக்டோபர் வரை, ஞாயிறும் விடுமுறை நாட்களும் தவிர, நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அரை மணி நேர ஆர்கன் கச்சேரி நடப்பது வழக்கம். ஆர்கன் என்பது குழல்களில் காற்றைச் செலுத்தி வாசிக்கும் பெரிய இசைக்கருவி. இந்த நாளில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். 17,974 குழல்கள். மிகப் பெரியது பதினொரு மீட்டருக்கு மேல், மிகச் சின்னதில் ஒலி எழும்பும் பகுதி சில மில்லிமீட்டர்தான். உலகின் எந்தப் பேராலயத்திலும் இதைவிடப் பெரிய ஆர்கன் இல்லை. உண்மையில் இது ஒரு ஆர்கன் அல்ல, ஐந்து. கோவிலின் வெவ்வேறு இடங்களில் இருக்கும் ஐந்தையும் ஒருவரே ஒரு மேடையில் உட்கார்ந்து வாசிக்கலாம். அதில் ஒன்று கூரைக்கு மேலே பரணில் இருக்கிறது. அதன் ஒலி, மேல்தளத்தில் உள்ள ஒரு துளை வழியாகக் கீழே இறங்கும். பின்னாலிருந்து பெரிய முழக்கம் வந்து ஓய்ந்ததும், திடீரென்று தலைக்கு மேலே எங்கிருந்தோ மெல்லிய குரல் ஒன்று வரும். எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். பெரிய குழல்கள் முழங்கும்போது மர இருக்கையே அதிர்வது உடம்பில் தெரியும். மேற்கத்திய இசை பழக்கமில்லாத பெரியவர்களுக்கும் இது பிடித்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்தபடி கேட்பது என்பதால் அம்மாவின் முழங்காலுக்கும் நல்ல ஓய்வு.

டிக்கெட் சில யூரோக்கள்தான். பதினொன்றரைக்குள் போய்விடுங்கள், நல்ல இடம் கிடைக்கும். கச்சேரி நாட்களில் சும்மா சுற்றிப்பார்க்க வருபவர்களை முற்பகலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆர்கனில் பராமரிப்பு வேலை நடக்கும் காலங்களில் நேரம் மாறலாம், அதனால் பயணத்துக்கு முந்தைய வாரம் பேராலயத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கச்சேரி தொடங்கும்வரை சுவர்களைப் பாருங்கள். 1662-இல் ஒரு பெருந்தீ ஊரையே தின்றது. கோதிக் என்ற இடைக்காலப் பாணியில் கட்டிய பழைய கோவிலில் கிழக்குப் பகுதி மட்டும் மிஞ்சியது. 1668-இல் கார்லோ லுராகோ புதிதாகக் கட்டத் தொடங்கினார். ஜொவான்னி பத்திஸ்தா கார்லோனே சுதை வேலை செய்தார், கார்போஃபோரோ தென்கால்லா ஓவியம் தீட்டினார். மூவரும் இத்தாலிய மொழி பேசும் ஏரிப்பகுதிகளிலிருந்து வந்தவர்கள். ஜெர்மானிய ஊர் ஏன் இத்தாலிய ஊர்போலத் தெரிகிறது என்று காலையிலிருந்து உங்களுக்குத் தோன்றியிருந்தால், விடை அந்தத் தீயில் இருக்கிறது. வெளியே வந்து கோவிலின் பின்பக்கம் சுற்றி ரெஸிடென்ஸ் சதுக்கத்துக்குப் போனால், பழைய கோதிக் பகுதி கல்லும் கூர்வளைவுமாக அப்படியே நிற்பதைப் பார்க்கலாம்.

சரி, சாப்பாடு. பவேரியாவில் பன்றி இறைச்சி எதில் வேண்டுமானாலும் இருக்கும். உருளைக்கிழங்கு சூப்பில்கூடப் பன்றிக்கொழுப்புத் துண்டு போடுவார்கள், ஆகவே பெயரைப் பார்த்து நம்ப வேண்டாம். "ஓனெ ஃப்ளைஷ், ஓனெ ஷ்பெக்" என்று சொல்லிக் கேளுங்கள்: இறைச்சி இல்லாமல், பன்றிக்கொழுப்பு இல்லாமல். அம்மாவுக்கு கேஸெ-ஷ்பெட்ஸ்லெ சரியாக இருக்கும். முட்டை சேர்த்த மாவில் செய்த சிறு துண்டுகள், மேலே உருகிய சீஸும் வறுத்த வெங்காயமும். முட்டை ஆகாது என்றால், ப்ரெட்ஸெலும் ஒபாட்ஸ்டா என்ற காரமான சீஸ் பிசறலும் சாலடும் வாங்கிக்கொடுங்கள். காளான் சாறில் மிதக்கும் ரொட்டி உருண்டையும் நன்றாக இருக்கும், அதிலும் முட்டை உண்டு. கப்பலில் மதியச் சாப்பாடு சேர்ந்தே இருக்கும் என்பதால் அங்கே போய்ச் சாப்பிட்டு, அரை மணி படுத்து எழுந்தும் வரலாம். அம்மா களைத்திருந்தால் நான் அதைத்தான் செய்வேன்.

பிற்பகலுக்கு இரண்டு மலைகள், இரண்டு கரைகளில். இரண்டையும் ஒரே நாளில் முயல வேண்டாம்.

வடகரையில், டான்யூபுக்கும் இல்ஸுக்கும் நடுவே உள்ள முகட்டில் ஓபர்ஹவுஸ் கோட்டை. 1219-இல் ஆயர் இரண்டாம் உல்ரிஷ் தொடங்கியது. வெளி எதிரிகளுக்காக மட்டும் கட்டியதில்லை, கீழே இருக்கும் சொந்தக் குடிமக்களையும் மனதில் வைத்துத்தான். ஆயரின் ஆட்சி வேண்டாம் என்று ஊர்மக்கள் எழுந்தபோதெல்லாம் கோட்டைதான் ஜெயித்தது. படிக்கட்டு செங்குத்து, அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். சுற்றுலாக் காலத்தில் நகரமன்றச் சதுக்கத்திலிருந்து கோட்டைக்கு பஸ் போகிறது. மேலே பாத்தரி லிண்டெ என்ற காட்சி மேடையிலிருந்து மூன்று ஆறுகளையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். காலையில் காலடியில் பார்த்த நிறப் பட்டைகள் இங்கிருந்து முழுதாகத் தெரியும்.

அந்தக் கோட்டையின் பாதாளச் சிறையைப் பற்றி வழிகாட்டிகள் பெரும்பாலும் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். 1535-இல், வயது வந்தபின்தான் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று நம்பிய ஒரு கூட்டம் மொராவியாவிலிருந்து (இன்றைய செக் நாட்டின் கிழக்குப் பகுதி) ஊர் திரும்பும் வழியில் பிடிபட்டது. அன்று அது மரண தண்டனைக்குரிய குற்றம். ஆண்டுக்கணக்கில் அவர்களை அங்கே அடைத்துவைத்தார்கள், சிலர் அங்கேயே இறந்தார்கள். இருட்டில் இருந்துகொண்டு அவர்கள் பாடல்கள் இயற்றினார்கள். அந்தப் பாடல்கள் 1564-இல் அச்சேறின. பின்னர் அவற்றையும் உள்ளடக்கி உருவான தொகுப்பிலிருந்துதான் அமெரிக்காவின் ஆமிஷ் மக்கள் (பழைய வாழ்க்கை முறையை விடாத ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) இன்றும் ஞாயிறு வழிபாட்டில், அதே ஜெர்மன் மொழியில் பாடுகிறார்கள். கீழே உலகப் பேராலயங்களிலேயே பெரிய ஆர்கன், மேலே சிறையில் எந்தக் கருவியும் இல்லாமல் பிறந்த பாட்டு. இரண்டில் எது அதிக தூரம் போனது என்பதைக் கோட்டைச் சுவரோரம் நின்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

இன்னொரு மலை இன்னின் தென்கரையில் உள்ள மரியாஹில்ஃப் திருத்தலம். 321 படிகள், மேலே கூரை போட்ட படிக்கட்டு. பக்தர்கள் படிக்கு ஒரு செபம் சொல்லி ஏறுவார்கள். 1683-இல் துருக்கியப் படை வியன்னாவை முற்றுகையிட்டபோது பேரரசர் முதலாம் லியோபோல்ட் தப்பி வந்து தங்கியது பாஸாவில்தான், வேண்டிக்கொண்டது இந்தக் கோவிலில்தான். அம்மாவுக்கு இது முடியாது. அப்பாவுக்கு ஆசை இருந்தால் அவரை மட்டும் அனுப்பிவிட்டு, நீங்களும் அம்மாவும் இன் கரை நடைபாதையில் மரநிழல் பெஞ்சில் உட்காருங்கள். ஊரிலேயே அமைதியான இடம் அது, டூர் கூட்டம் அந்தப் பக்கம் அதிகம் வராது.

இனி கப்பல் தொடர்பான சில விஷயங்கள். உங்கள் பாஸ்போர்ட்டைக் கப்பல் வரவேற்பில் வாங்கி வைத்திருக்கலாம். ஊருக்குள் போகும்போது ஒரு நகலாவது கையில் இருக்கட்டும். பாஸாவுக்கு வரும் நாள் ஞாயிறா என்று பாருங்கள். ஞாயிறென்றால் கடைகள் மூடியிருக்கும், நண்பகல் கச்சேரியும் இருக்காது, அப்போது காலையிலேயே கோட்டைக்குப் போய்விடலாம். பழைய நகரத்தின் கல் பதித்த தெருக்களில் அம்மாவுக்குத் தட்டையான, பிடிமானமுள்ள செருப்பு அவசியம். கழிப்பறைக்குச் சில்லறை நாணயம் வேண்டும்.

மழைக்காலத்தில் ஆறு பெருகினாலும் கோடையில் வற்றினாலும் கப்பல் திட்டம் மாறும். முக்கியமாக பாஸாவுக்கு மேலே ஷ்ட்ராபிங்கிலிருந்து ஃபில்ஸ்ஹோஃபென்வரை சுமார் 70 கிலோமீட்டர் தூரம் அணையோ மதகோ இல்லாமல் ஆறு தன் போக்கில் ஓடுகிறது. தண்ணீர் குறைந்தால் கப்பல் தரைதட்டிவிடும். நியூரம்பர்க், ரேகன்ஸ்பர்க் பக்கமிருந்து வருகிறீர்கள் என்றால், அந்தத் துண்டை பஸ்ஸில் கடக்க வேண்டிய நிலையும் வரலாம் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பாஸாவிலிருந்தே கிளம்பும் பயணம் என்றால் இந்தத் துண்டைக் கடக்க வேண்டியதே இல்லை.

கடைசியாக, கப்பல் எந்தத் துறையில் நிற்கும் என்று முந்தின நாள் இரவே கேட்டுவையுங்கள். பழைய நகரத்தின் கரையிலேயே நின்றால் எல்லாம் நடை தூரம். ராக்லாவ் அல்லது லிண்டாவ் துறை என்றால் கொஞ்சம் தள்ளி, கப்பல்காரர்கள் வண்டி விடுகிறார்களா, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகக் கப்பல்களை நிறுத்துவதும் உண்டு, அப்போது அடுத்த கப்பலுக்குள் நுழைந்துதான் கரைக்கு வர வேண்டியிருக்கும். அம்மாவுக்கு அந்தப் பாலப்பலகையில் கை கொடுக்க ஒருவர் கூடவே இருங்கள்.